பினாங்குக் கரையில் தூண்டில்: எங்கே தடை, எங்கே அனுமதி, எது நியாயம்?

கேள்வி: பாயான்பாரு வாசி

அனைவருக்கும் வணக்கம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நாங்கள் சிலர், விடுமுறை நாள்களில் தூண்டில் போடுவதைப் பல ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறோம். குயின்ஸ்பே கரை, பத்து மாவுங் படகுத்துறை, ஜெலுத்தோங்கில் கர்பால் சிங் கடற்கரைச் சாலை ஆகியவை எங்களுக்குப் பழகிய இடங்கள். காற்று அடங்கியிருக்கும் நாள்களில் தெக்கோங் (படகோட்டி) ஒருவரிடம் படகு பேசிக்கொண்டு ஜெரெஜாக் தீவுப் பக்கமோ கெண்டி தீவுப் பக்கமோ போய்வருவதும் உண்டு. பிள்ளைகளையும் அழைத்துச் செல்கிறோம். அவர்கள் கைப்பேசியை மறந்து அரைநாள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய நிறைவு.

அண்மையில் எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இரண்டு செய்திகளால் வாக்குவாதம் எழுந்தது. முதலாவது, கெடா மாநிலத்துப் பாயார் தீவுக்குத் தூண்டிலுடன் போகலாம் என்று ஒருவர் படகு ஏற்பாடு செய்யத் தொடங்கினார். அது கடல் பூங்கா, அங்கே மீன் பிடிக்கவே கூடாது என்கிறார் ஒருவர்; பவளப்பாறைமீது மட்டும்தான் தடை, சற்றுத் தள்ளி ஆழத்தில் பிடித்தால் தவறில்லை என்கிறார் இன்னொருவர். இரண்டாவது, ஜார்ஜ்டவுனுக்கும் பினாங்குப் பாலத்துக்கும் இடையே கடலில் இருக்கும் மிடல் பேங்க் என்னும் கடற்புல் திட்டைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கவேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்று அதற்குத் தடை போட்டால் நாளை கர்னி கரைக்கும் கர்பால் சிங் கரைக்கும் தடை வரும், சாதாரண மக்களுக்குக் கடைசியில் நிற்க ஓர் இடமும் மிஞ்சாது என்று குழுவில் பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் எனக்கும் ஓரளவு உண்டு.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது, நகரத்தை ஒட்டிய கடலில் இத்தகைய தடை தேவைதானா, தேவையென்றால் தூண்டில்காரர்களாகிய நாங்கள் என்ன நிலை எடுப்பது முறை என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: வடகரை முக்குளிப்பாளர்

வணக்கம். பாயார் தீவைப் பற்றிய கேள்விக்கு என் விடை சுருக்கமானது: தூண்டிலுடன் அங்கே போகாதீர்கள். போவதற்கு ஏற்பாடு செய்யும் நண்பரையும் இன்றே தடுத்துவிடுங்கள்.

பாயார், லெம்பு, காச்சா, செகந்தாங் ஆகிய நான்கு தீவுகளைச் சுற்றியுள்ள கடல், 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் கடல் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்ட பகுதி. அந்த எல்லை பவளப்பாறையின் விளிம்போடு நின்றுவிடுவதில்லை. கடல்நீர் மிகவும் வற்றியிருக்கும்போது தெரியும் கரைக்கோட்டிலிருந்து வெளிப்புறமாக 2 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் வரை அது நீள்கிறது. அந்த வளையத்துக்குள் பாறையானாலும் மணலானாலும் ஆழமானாலும் சட்டத்துக்கு எல்லாம் ஒன்றே. செகந்தாங் மற்ற மூன்று தீவுகளைவிட்டு விலகித் தனியே கிடப்பதால், பூங்காவைத் தாண்டிவிட்டோம் என்று எண்ணி அதன் அருகே நங்கூரம் போட நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் தனி வளையம் உண்டு.

அச்சட்டத்தின் 43ஆம் பிரிவைப் பொறுமையாகப் படிக்கும்படி எல்லாத் தூண்டில்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன். மீன்வளத் துறைத் தலைமை இயக்குநரின் எழுத்துவழி அனுமதி இல்லாமல் பூங்காவுக்குள் மீன் பிடிப்பது மட்டுமன்றிப் பிடிக்க முயல்வதும் குற்றம். நீர்வாழ் உயிரினம் எதையும், உயிருள்ளதோ செத்ததோ, கைவசம் வைத்திருப்பதும் குற்றம். வெளியே பிடித்த மீனைப் பனிப்பெட்டியில் போட்டுக்கொண்டு பூங்காவுக்குள் நுழைந்து படகை நிறுத்தினால், கைவசம் வைத்திருந்த குற்றம் உங்கள் தலையில் விழலாம். பவளத்தை எடுப்பதும், மீன்கள் இனம்பெருக்கும் இடத்தைக் குலைப்பதும், பவளத்தின்மீதோ பாறையின்மீதோ நீருக்கடியிலுள்ள வேறு பொருளின்மீதோ எடையை இறக்கியும், அவற்றில் கயிறோ சங்கிலியோ கட்டியும் படகை நங்கூரமிடுவதும் அதே பிரிவில் தடுக்கப்பட்டவை. அதனால்தான் பூங்காக்களில் படகு கட்ட மிதவைகள் போடப்பட்டிருக்கின்றன. ஒரு நங்கூரம் கொம்புப் பவளத்தின்மீது விழுந்து, அலைக்கு ஏற்பச் சங்கிலி இருபுறமும் அசைந்தால், சில நிமிடங்களில் ஒரு மேசை அகலத்துக்கு வெள்ளைத் துண்டுகளாக நொறுங்கிக் கிடக்கும். அந்தத் துண்டுகளுக்கிடையே ஒளிந்திருந்த குஞ்சு மீன்கள் எங்கே போவது என்று தெரியாமல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பதை நீருக்கடியில் பார்த்தவர்கள், நங்கூரத் தடையைக் கடுமை என்று சொல்லமாட்டார்கள்.

பலரைக் குழப்பும் செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தீவின் நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கிறது. கடல் பூங்காவின் நீர்ப்பரப்பைக் கூட்டரசு நிருவகிக்கிறது. பாயார் கெடாவைச் சேர்ந்தது, பினாங்கிலிருந்து போகும் நமக்கு அதன் விதி பொருந்துமா என்று கேட்பதற்கே இடமில்லை. 2004 முதல் கடல் பூங்காக்களுக்கெனத் தனித் துறை இருந்தது. 2018இல் அது மீண்டும் மீன்வளத் துறையோடு இணைக்கப்பட்டது. ஆகவே ஐயம் எதுவானாலும் மீன்வளத் துறையின் மாநில அலுவலகத்தையே கேளுங்கள்.

பினாங்கிலேயே இன்னொரு பாதுகாக்கப்பட்ட கடல் இருக்கிறது. அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தெலுக் பஹாங்கிலுள்ள பினாங்குத் தேசியப் பூங்கா, 1980ஆம் ஆண்டு தேசியப் பூங்காச் சட்டத்தின்கீழ் 2003இல் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 2,560 ஹெக்டர். அதில் ஏறக்குறையப் பாதி கடல். அதை நிருவகிப்பது பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை. மீன்வளச் சட்டத்தை மட்டும் படித்துவிட்டு அங்கே போவது போதாது. பந்தாய் கெராச்சுட்டுக்கோ முக்கா ஹெட் பக்கமோ கம்பை எடுத்துச் செல்வதற்கு முன் நுழைவாயிலில் உள்ள பதிவு அலுவலகத்தில் கேட்டு, அனுமதி இருக்கும் இடத்தில் மட்டும் நில்லுங்கள். கெராச்சுட்டில் பச்சை ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையமும் அங்கேதான் இருக்கிறது.

இந்த இரண்டையும் விட்டால், நீங்கள் குறிப்பிட்ட கரைகளில் தூண்டில் போடுபவரிடம் யாரும் உரிமம் கேட்பதில்லை. ஆனாலும் வெடி, நஞ்சு, மின்சாரம் கொண்டு பிடிப்பது எங்கும் குற்றம். திமிங்கிலச் சுறா, பெருஞ்சிப்பி போன்றவை 1999ஆம் ஆண்டு விதிகளால் காக்கப்பட்டவை. பின்னர்ச் சில கொம்பன் சுறா வகைகளும் ஆனைத்திருக்கை வகைகளும் அப்பட்டியலில் சேர்ந்தன.

மறுமொழி: பட்டர்வொர்த் தூண்டில்காரர்

தம்பி, சட்டத்தைச் சொன்னவர் சரியாகச் சொன்னார். பாயாருக்குப் போகவேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நகரத்துக் கரையைப் பற்றி நான் வேறு மாதிரி பேசவேண்டியிருக்கிறது.

துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தலைமுறையில் வேலை முடிந்து வந்தவர்களுக்குக் காசு செலவில்லாமல் கிடைத்த ஒரே பொழுதுபோக்கு தூண்டில்தான். ஒரு கம்பு, கொஞ்சம் தூண்டில் நரம்பு, இரண்டு ஈயக்குண்டு, பிடி இறால் இருந்தால் போதும். கெளுத்தியோ மடவையோ கிடைத்தால் அன்று வீட்டில் குழம்பு. அந்தக் கரைகள் ஒவ்வொன்றாக எங்கள் கைவிட்டுப் போனதற்கு மீன் பாதுகாப்பு காரணமில்லை. மண் கொட்டி நிரப்பியதுதான் காரணம். கர்னி கரையில் கடற்சுவரில் உட்கார்ந்து தூண்டில் போட்டவர்கள் இன்று அங்கே கடலைத் தேடித்தான் போகவேண்டும். தீவின் தெற்கே சுங்கை பத்து, பெர்மாத்தாங் டாமார் லாவுட் பக்கத்துக் கரையோர மீனவர்கள் நிலமீட்புத் திட்டத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தார்கள். மூன்று தீவுகள் என்ற திட்டம் 2023இல் ஒன்றாகக் குறைந்தது என்றாலும், அந்த ஒன்றுக்கு மண் நிரப்பும் வேலை அதே ஆண்டு தொடங்கிவிட்டது.

கரையை ஒட்டிய கடலுக்குள் இழுவைப் படகுகள் வரக்கூடாது என்ற விதி 1980களின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. அதை மீறி இரவில் கரைக்கு நெருங்கி வரும் இழுவைமடி ஓர் இழுப்பில் அள்ளுவதை, கரையில் நிற்கும் நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு மாதம் நின்றாலும் பிடிக்கமாட்டோம். பெரியவற்றைத் தடுக்க முடியாதபோது கம்பு பிடித்தவனைத் தடுப்பது எளிது என்பதால் எங்கள் பக்கம் திரும்பினால், அதை நான் நியாயம் என்று ஏற்கமாட்டேன். மிடல் பேங்கைக் காப்பாற்றுங்கள். முதலில் அதன்மேல் மண் விழாமல் காப்பாற்றுங்கள்.

மறுமொழி: உயிரியல் ஆசிரியை, ஆயர் ஈத்தாம்

ஐயா சொன்ன வரிசையை நானும் ஏற்கிறேன். மண் நிரப்புவதும் இழுவைமடியும் பெரிய கேடுகள். அவற்றின்மீது கண்டிப்பு முதலில் வரவேண்டும். ஆனால் தூண்டில்காரர்கள் எடுப்பது ஒரு பொருட்டே இல்லை என்ற முடிவுக்கு வருவதற்கு முன், எந்த மீனை, எந்த வயதில், எந்த இடத்தில் எடுக்கிறோம் என்று பார்க்கவேண்டும். எடை மட்டும் கணக்கல்ல.

நம் கரையில் எல்லாரும் ஆசைப்படும் கொடுவாவை, அதாவது சியாகாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆணாகவே முதிர்ச்சி அடைகிறது. சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்து நன்றாகப் பெருத்த பிறகே பெண்ணாக மாறுகிறது. ஆகவே, கழிமுகத்தில் பிடித்துத் தோளில் சாய்த்துப் படம் எடுத்துக்கொள்ளும் மிகப் பெரிய சியாகாப் பெரும்பாலும் முட்டையிடும் தாயாகவே இருக்கும். ஆற்றுவாய்களை அடுத்த உப்புநீரில்தான் அவை முட்டையிடுகின்றன. நாமும் அங்கேதான் நிற்கிறோம். களவா மீன்களில் பெரும்பாலானவற்றின் நிலை இதற்கு நேர்மாறானது. கெராப்பு என்று நாம் கடையில் கேட்டு வாங்கும் அவை பெண்ணாகத் தொடங்கி, வயதான பின் சில மட்டும் ஆணாக மாறும். பெரிய களவாக்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் அந்தப் பாறையில் ஆண் மீன் அருகிவிடும். இழுவைமடி கண்மூடித்தனமாக அள்ளுகிறது என்பது உண்மைதான்; கம்பு பிடித்தவரோ பாறை இடுக்கிலும் பாலத்தூண் அடியிலும் மடியே போகமுடியாத இடத்தில் ஒதுங்கியிருக்கும் மூத்த மீனைத் தேடிப் பிடிக்கிறார். ஆகையால் இரண்டும் இரு வேறு இழப்புகள்.

குயின்ஸ்லாந்தின் கிழக்குக் கரையில் இதே சியாகாப்புக்கு 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் எடுக்கக்கூடாது என்று மேலும் கீழும் வரம்பு வைத்திருக்கிறார்கள். குஞ்சு வளரவும் தாய் பிழைக்கவும் அந்த ஒரே விதி இடம் தருகிறது. கடலில் தூண்டில் போடுபவர் எடுத்துச் செல்லும் மீனுக்கு இன்ன நீளம், இத்தனை எண்ணிக்கை என்ற பொது வரம்பு நம்மிடம் இல்லை. பத்து மாவுங்கில் ஒரு மாலை, பக்கத்தில் நின்றவருடைய வாளியை என் மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். விரல் நீளமே இருந்த களவாக் குஞ்சுகள் வாலை மடக்கிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பழுப்புப் புள்ளிகள்கூட இன்னும் தெளிவாகத் தோன்றாத வயது. பொரித்தால் ஒரு வாய்க்குத் தேறாது. அவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. எனக்கு வருத்தம் தந்ததும் அதுதான்.

இனி மிடல் பேங்க். நீர் நன்றாக வற்றும் நாளில் படகில் போனால், கப்பல்கள் போகும் கால்வாய்க்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் நடுவே பச்சைப் புல்வெளி எழுந்து நிற்பதைக் காணலாம். நாடா போன்ற நீண்ட இலையும், கட்டைவிரல் நகம்போன்ற வட்ட இலையும் அங்கே கலந்து வளர்கின்றன. கடலட்டை, கடற்சாமந்தி, சங்கு, நண்டு எல்லாம் காலடியிலேயே கிடக்கும். கடற்புல் இலையின்மேல் படியும் பாசியை இறால் குஞ்சு உண்கிறது, இறால் குஞ்சை மீன்குஞ்சு உண்கிறது; பெரிய மீன் எளிதில் நுழையமுடியாத அடர்த்தி அவற்றுக்குக் காவல். ஜெரெஜாக்கில் நீங்கள் பிடிக்கும் மீன்களில் ஒரு பங்கு இத்தகைய புல்வெளியில் வளர்ந்து வெளியேறியவை என்று எண்ணிப் பாருங்கள். அங்கே மீன் எடுக்காமல் விடுவதும், வற்றிய நாளில் சங்கும் கடலட்டையும் பொறுக்க ஆட்கள் கூட்டமாக இறங்கிப் புல்லை மிதிக்காமல் தடுப்பதும், தூண்டில்காரர்களின் நாளைய மீனைச் சேமித்துவைப்பதே ஆகும். புல்லுக்கு மிகப் பெரிய பகை கலங்கல் நீர் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒளி எட்டாவிட்டால் புல் அழுகிவிடும். ஆகவே மண் கொட்டும் வேலையிலிருந்து அதைக் காக்கவேண்டும் என்று பட்டர்வொர்த் ஐயா சொல்வது பாதுகாப்புக் கோரிக்கையின் நடுப்பகுதியாகவே இருக்கவேண்டும். சட்டப்படி பாதுகாக்கப்படாத ஒரு திட்டுக்கு, மண் நிரப்புவோரை எதிர்த்து நிற்க எந்தப் பிடிமானமும் கிடையாது.

எடுக்காமல் விட்ட கடல் என்ன தரும் என்பதற்குச் சான்று உண்டு. நியூசிலாந்தில் லே என்ற ஊரை அடுத்த கடலில் 1975இல் மீன்பிடியை அடியோடு நிறுத்தினார்கள். அந்தச் சிறிய பகுதிக்குள் பெரிய ஸ்னாப்பர் மீன்கள் வெளியிலிருப்பதைவிடப் பல மடங்கு பெருகின. பெரிய தாய் மீன் இடும் முட்டை, அதே எடையுள்ள பல சிறு மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிகம் என்பதால், அதன் பயன் எல்லைக்கு வெளியேயும் போகும். எல்லா இடத்தையும் மூடவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சபாவில் 2016இல் அறிவிக்கப்பட்ட துன் முஸ்தபா பூங்கா ஏறத்தாழ 900,000 ஹெக்டர் பரப்புள்ளது. அதற்குள்ளேயே மக்கள் மீன்பிடித்து வாழ்கிறார்கள். எங்கே முழுத்தடை, எங்கே சிறுதொழில் மீனவருக்கு உரிமை, எங்கே பெரிய படகுகளுக்கு இடம் என்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். பினாங்குக் கால்வாய்க்கும் அப்படி ஒரு பிரிப்பு வரவேண்டும் என்பதே என் கருத்து: மிகச் சிறிய ஓர் இடத்தில் விதிவிலக்கில்லாத முழுத்தடை, மற்ற இடங்களில் நீளத்துக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு.

மறுமொழி: சிட்னியிலிருந்து ஒரு பினாங்குக்காரர்

பிறந்து வளர்ந்தது புக்கிட் மெர்தாஜாமில். இப்போது இருப்பது சிட்னியில். இங்கு நடந்தது உங்கள் விவாதத்துக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

நியூ சவுத் வேல்ஸில் கடலில் தூண்டில் போடவும் கட்டணம் கட்டவேண்டும். அந்தப் பணம் பொழுதுபோக்கு மீன்பிடிக்கென அமைந்த அறக்கட்டளை நிதிக்குப் போகிறது. அந்த நிதியைக் கொண்டு வணிக மீனவர்களுக்கு இழப்பீடு கொடுத்து, 2002இல் 30 இடங்களைத் தூண்டில்காரர்களுக்கென ஒதுக்கினார்கள். கட்டணம் கட்டிய பிறகுதான் தூண்டில்காரர்களுக்கு அரசிடம் ஒரு முகமும் குரலும் கிடைத்தன என்பது என் கணிப்பு. எண்ணிக்கையே தெரியாத கூட்டத்திடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. அதே 2002இல், மான்லியை அடுத்த கேபேஜ் டிரீ வளைகுடாவில் மீன்பிடி முழுவதுமாகத் தடுக்கப்பட்டது. சுமார் 20 ஹெக்டர்தான், நகரத்தின் நெரிசலான கடற்கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இன்று நீச்சல் கண்ணாடி மட்டும் போட்டுக்கொண்டு இறங்கினால், அச்சமின்றி அருகில் வரும் புளூ குரோப்பர் என்னும் பெரிய நீல மீனைக் குழந்தைகள் பார்க்கலாம்.

கசப்பான பாடமும் உண்டு. 2018இல் சிட்னியை ஒட்டிய கடலில் இன்னும் பல இடங்களைப் பாதுகாக்க அரசு முன்மொழிந்தது. தூண்டில்காரர்கள் பெரும் எதிர்ப்புத் தெரிவிக்கவே, சில வாரங்களில் மீன்பிடித் தடைகளைக் கைவிட்டுவிட்டது. எதிர்த்தவர்கள் எல்லாரும் கடலை வெறுப்பவர்கள் அல்லர். வரைபடம் தயாரான பிறகே தங்களிடம் காட்டப்பட்டது என்ற கோபம் அவர்களுக்கு இருந்தது. மிடல் பேங்க் விஷயத்தில் அந்த நிலை வராமலிருக்க, பினாங்கில் தூண்டில் போடுபவர்கள் கோடு வரையும் மேசைக்கு முன்கூட்டியே போய் அமரவேண்டும்.

மற்றொன்று: சிட்னி துறைமுகத்தில் பாலத்துக்கு மேற்கே பிடித்த மீனை உண்ணவேண்டாம் என்று அரசு அறிவுறுத்துகிறது. பழைய தொழிற்சாலைகள் விட்ட டையாக்சின் நஞ்சு அடிச்சேற்றில் தங்கியிருப்பதே காரணம். 2006இல் துறைமுகத்தில் வணிக மீன்பிடியையே நிறுத்தினார்கள். நகரக் கடலில் விதி என்பது மீனைக் காக்க மட்டுமன்று, மீனை உண்பவரைக் காக்கவும்தான். ஜெலுத்தோங் குப்பைமேட்டை ஒட்டிய கரையில் பிடித்த மீனை அடிக்கடி பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள் இதையும் எண்ணவேண்டும்.

மறுமொழி: பட்டர்வொர்த் தூண்டில்காரர்

ஆசிரியை அவர்களே, சியாகாப் ஆணிலிருந்து பெண்ணாக மாறும் என்பதைப் பழைய மலாய் மீனவர் ஒருவர் வாயால் கேட்டிருக்கிறேன். நீங்கள் சொன்ன பிறகு அதன் பொருள் விளங்குகிறது. நீள வரம்பு வந்தால் முதலில் கைதூக்குபவன் நானாக இருப்பேன். மிடல் பேங்கில் தூண்டில் தடையையும் ஏற்பேன், இரண்டு நிபந்தனைகளோடு. தடை கோட்டுக்குள் மண் நிரப்பவோ தூர்வாரவோ எந்த நிறுவனத்துக்கும் பின்னால் விலக்குக் கொடுக்கக்கூடாது. அதோடு, கரையிலிருந்து தூண்டில் போடும் ஏழை எளியவருக்கு ஜெலுத்தோங்கிலும் பட்டர்வொர்த்திலும் இன்ன இன்ன இடம் நிலையாக உண்டு என்பதை அதே அறிவிப்பில் எழுதிவைக்கவேண்டும். கட்டணம் வருமானால் முதியவருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் விலக்கு வேண்டும்.

மறுமொழி: பாயான்பாரு வாசி

மறுமொழி எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. 2 கடல் மைல் வளையத்தைப் பற்றிய பகுதியைக் குழுவில் அப்படியே பகிர்ந்தேன்; பாயார் பயணம் கைவிடப்பட்டது. முன்பணம் வாங்கிய தெக்கோங், கெண்டி தீவுக்கு அழைத்துப் போக இசைந்துவிட்டார். சட்டம் வரும்வரை காத்திராமல், எங்கள் குழுவுக்குள் சியாகாப்புக்கும் களவாவுக்கும் கீழ்வரம்பும் மேல்வரம்பும் வைத்துக்கொள்வது என்றும் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். மீன்வளத் துறையின் மாநில அலுவலகத்துக்கு ஐயாவின் இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துக் கடிதம் எழுத எண்ணியிருக்கிறோம்.

செயல்முறையில் இரண்டு ஐயங்கள் உள்ளன. திரும்ப விடும் மீன் உண்மையில் பிழைக்குமா, அதற்கு என்ன செய்யவேண்டும்? தெலுக் பஹாங் பக்கம் தூண்டிலில் ஆமை மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

மறுமொழி: வடகரை முக்குளிப்பாளர்

மீன் பிழைப்பது பெரும்பாலும் தூண்டில் முள் எங்கே குத்தியது என்பதைப் பொறுத்தது. வாயோரத்தில் குத்தினால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். தொண்டைக்குள் போய்விட்டால் குறைவு. ஆகவே நேர் முள்ளைவிட, நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளைப் பயன்படுத்துங்கள். அது மீன் திரும்பும்போது வாயின் ஓரத்திலேயே பிடிக்கும். முள் நுனியருகே பின்நோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவது ஒரு நொடி வேலை. கையை முதலில் கடல்நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கையும் துணியும் மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும், அதன்பிறகு அந்த இடத்தில் புண் பிடிக்கும். செவுளுக்குள் விரல் விடாதீர்கள். கனமான மீனைத் தாடையில் மட்டும் பிடித்துத் தொங்கவிடாமல் வயிற்றின்கீழ் மறுகை கொடுங்கள். முள்ளை விழுங்கியிருந்தால் பிடுங்காமல் நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள். ஆழத்திலிருந்து வேகமாக இழுத்த களவாவின் வயிறு காற்றால் உப்பியிருந்தால் அது தானாகக் கீழே போகமுடியாமல் மிதக்கும். ஆகையால் வரம்புக்குட்பட்ட மீன் போதுமான அளவு கிடைத்ததும் ஆழமான பாறையைவிட்டு விலகிவிடுவதே நல்லது.

ஆமை மாட்டினால் நரம்பைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அதன் முழுப் பாரமும் முள் குத்திய இடத்தில் இறங்கும். மெதுவாக அருகே கொண்டுவந்து, அகன்ற கைவலையாலோ ஓட்டின் இருபுறத்தையும் பிடித்தோ ஏந்துங்கள். முள் வெளியே தெரிந்து எளிதில் வருமானால் எடுங்கள். விழுங்கியிருந்தால் தொடாதீர்கள், நரம்பை எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வெட்டுங்கள். நீண்ட நரம்போடு விட்டால் அது துடுப்புக் காலில் சுற்றிக்கொண்டு காலையே அறுத்துவிடும். காயம் ஆழமாக இருந்தால் உடனே மீன்வளத் துறைக்குத் தகவல் கொடுத்து, அவர்கள் சொல்லும்வரை மட்டும் ஈரத்துணி போர்த்தி நிழலில் வைத்திருங்கள். உயிரோடிருப்பதை உடனே விடுவதும், செத்திருந்தால் மீன்வள அதிகாரியிடம் தெரிவிப்பதும் சட்டப்படியும் உங்கள் கடமை. தகவல் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று அஞ்சி மறைப்பவர்கள் இருக்கிறார்கள். எதிர்பாராமல் மாட்டிய ஆமையை விடுவித்துத் தெரிவிப்பவரைச் சட்டம் குற்றவாளியாகக் கருதுவதில்லை.

கடிதம் எழுதும்போது பாறைகளில் அறுந்து கிடக்கும் நரம்பைச் சேகரிக்கப் படகுத்துறைகளில் குழாய்த் தொட்டிகள் வைக்கும்படியும் கேளுங்கள். மாநகர் மன்றத்துக்கும் ஒரு படி அனுப்புங்கள். படகுத்துறைக் குப்பை அவர்கள் பொறுப்பில் வருகிறது.